ஈரத்தில் போட்ட கோடு

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கிளம்பிய அன்று நான் சொல்லாமல் விட்டது இது: முந்தின நாள் மாலை, நீங்கள் உள்ளே பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் நான் ஒரு பிஸ்கட் ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மறுநாள் வாசலில் வண்டி நின்றது. அண்ணன், தான் பாலம் கட்டப்போகும் இடத்துக்கே நேராகப் போய் இறங்கப்போகிறவன் போல அவசரப்பட்டான். நீங்கள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை வண்டியிலும் வைத்துக்கொண்டு, அப்பா அம்மா காதிலும் விழும்படி, "நான் திரும்பி வர்ற வரைக்கும் பிஸ்கட் வேலையை நிறுத்தி வச்சிடு. டப்பாவையெல்லாம் நல்லா மூடி வை, எறும்பு வந்துடும்" என்றீர்கள். நான் "ம்" என்றேன். வண்டி திரும்பி மறைந்தபின்தான் சொல்ல வேண்டியது வாயில் வந்தது.

போனில் சொல்லலாம்தான். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ம் கொட்டுவேன். நடுவில் அம்மா வாங்கிக்கொண்டு அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்பாள். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் என்னை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

ஆர்டர் கொடுத்தவர் பல் டாக்டர். சிரிக்காதீர்கள். அவருக்குச் சிறு வயதில் வயலின் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஓய்வு பெறுகிறாராம். பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து ஜூலை 19 அன்று விருந்து வைக்கிறார்கள். அந்த டீச்சர் எல்லாப் பிள்ளைக்கும் முதலில் கற்றுத்தருவது ஒரே பாட்டுதானாம். அது முழுவதையும் பிஸ்கட்டில் எழுத வேண்டும். வெள்ளை ஐசிங் மேல் கறுப்பில் ஐந்து கோடு, கோடுகளில் புள்ளிகள். மேல்நாட்டுச் சங்கீதத்தைத் தாளில் அப்படித்தான் எழுதுவார்களாம், புள்ளி நிற்கும் இடம்தான் சுரமாம். ஒரு பிஸ்கட்டில் பாட்டின் ஒரு துண்டு. மேசையில் வரிசையாக அடுக்கினால் முழுப் பாட்டு. தாளில் எழுதியதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஐந்து கோடு, அண்ணி. வளையாமல், ஒட்டாமல், ஒரே இடைவெளியில்.

நம் பிஸ்கட்டில் கோடெல்லாம் உங்கள் கை, நிரப்புவதெல்லாம் என் கை. கெட்டி ஐசிங்கில் நீங்கள் வரம்பு கட்டுவீர்கள். நான் தளர்ந்த ஐசிங்கை உள்ளே விட்டு, ஊசியால் மூலைக்குத் தள்ளி, குமிழ் உடைத்து, மின்விசிறிக்கு அடியில் வைப்பேன். நான் ஒரு கோடும் போட்டதில்லை. நீங்கள் இருக்கும்போது எதற்குப் போட வேண்டும்? ஒப்புக்கொண்டபோது நீங்கள் போகப்போவது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் தலையாட்டினேன் என்று கேட்டால் இப்போதைக்குப் பதில் இல்லை.

இன்னொன்று. நீங்கள் "நிறுத்தி வை" என்றதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ரூம் சும்மாதானே கெடக்கப் போவுது, ஜெராக்ஸ் கடைக்காரர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு. நீயும் படிச்ச படிப்புக்கு ஒரு வேலையைத் தேடிக்க" என்கிறார். ஜூலை முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். முன்னறை போய்விட்டால் மேசை போகும், விசிறி போகும், நாம் செய்தது எல்லாமே போகும்.

நான் போட்டுப் பார்த்த கோடுகளைப் பார்சலில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 14

அடி ஊமைக்கோட்டான்,

உன்னை மாதிரி எனக்கு அழகா எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன், திட்டுற மாதிரின்னு நெனச்சுக்கிட்டாலும் சரி.

யாரைக் கேட்டு ஒத்துக்கிட்ட? பக்கத்து ரூம்லதானே இருந்தேன்? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? கோடு போடத் தெரியாதவ, கோடு மட்டுமே இருக்குற ஆர்டரைப் போய் வாங்கியிருக்கா. நீச்சல் தெரியாதவன் படகு வாங்கின கதையா இருக்கு.

பல் டாக்டர் பிஸ்கட் குடுக்குறாரு பாரு, தொழிலுக்கு ஆள் சேக்குறாரு.

பார்சல் வந்துச்சு. பாதி உடஞ்சுதான் வந்துச்சு. உடஞ்சதையெல்லாம் உன் அண்ணன் நின்ன வாக்குலயே தின்னுட்டு, "கோடு நல்லாத்தானே இருக்கு" அப்படிங்கிறார். இவர் பாலம் கட்டுறார்! அந்தப் பாலத்துல நான் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். உடையாததை நான் பாத்தேன். அது கோடு இல்லடி, எறும்பு மழைக்குப் பயந்து ஓடின தடம்.

நான் சொல்றதைக் கேளு. டாக்டர்கிட்ட போயி, அண்ணி ஊருக்குப் போயிட்டாங்க, முடியாதுன்னு சொல்லிடு. அவர் வேற எடம் பாக்க நாள் இருக்கு. நாம ஆரம்பிச்ச எடத்துல ஒரு கெட்ட பேரு வர வேணாம். மாமா ரூமை வாடகைக்கு விடுறதா இருந்தா விடட்டும், நான் வந்ததும் கேட்டு வாங்கிக்கிறேன். அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார்.

இதுக்கு மேல இதைப் பத்தி எழுதாதே.

அண்ணி

பி.கு: நீ மணிக்கட்டுல வரையுற. பாத்தாலே தெரியுது. முழங்கையை மேசையில ஊனாதே.

இன்னொரு பி.கு: சும்மாதான் கேக்குறேன். சின்ன எடத்தை ரொப்பினா காஞ்சதும் நடுவுல குழி விழுதே, அதுக்கு நீ என்ன பண்ணுவ?


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டரிடம் நான் போகவில்லை. போக மாட்டேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உங்களிடம் "மாட்டேன்" என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நேற்று ஜெராக்ஸ் கடைக்காரர் டேப்போடு வந்து அறையை அளந்தார். நான் அப்போது ஐசிங் அடித்துக்கொண்டிருந்தேன். முட்டையின் வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்து, கரண்டியைத் தூக்கினால் கொக்கின் மூக்கு போல நிற்குமே, அந்தப் பதம். அவர் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதை எப்பம்மா எடுப்பீங்க? இங்கதான் பெரிய மிஷின் வரும்" என்றார். "காஞ்சதும் எடுத்துடுவேன்" என்றேன். எது காய்ந்ததும் என்று அவரும் கேட்கவில்லை. அம்மா அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். "ஒரு பக்கம் இனிப்பா, ஒரு பக்கம் கரகரன்னு இருக்கு, நல்லாருக்கே" என்று தின்றுகொண்டே இன்னொரு சுவரையும் அளந்துவிட்டுப் போனார்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிஸ்கட் வேலையை நிறுத்துவது என்று நீங்கள் எப்போதோ முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு அது வாசற்படியில்தான் தெரிந்தது, அதுவும் எறும்பைப் பற்றிச் சொல்லும்போது கூடவே. நான் ஆர்டரைச் சொல்லாமல் விட்டது தப்பு என்றால், இதுவும் ஒரு தப்புதானே?

நான் ஏன் விடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஐசிங்கை ஊற்றியதும் முதலில் அது மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கத்தியால் கீறிவிட்டுப் பத்து எண்ணினால் கீறல் மூடிக்கொள்ள வேண்டும், அந்தப் பதம் சரியாக இருந்தால் பிறகு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுவாகவே ஓடி, அதுவாகவே மட்டமாகி, ஒரு நொடியில் பளிங்கு மாதிரி நின்றுவிடும். நான் எத்தனையோ புத்தகம் படிக்கிறேன். அந்த ஒரு நொடியில் கிடைக்கிற அமைதி எந்தப் பக்கத்திலும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அப்பாவிடம் இதைச் சொன்னால், பேப்பரிலிருந்து எனக்காக வெட்டி வைக்கிற வேலை விளம்பரத்தை இன்னும் பெரிதாக வெட்டி வைப்பார்.

முழங்கையை ஊன்றாமல் போட்டுப் பார்த்தேன். எறும்பு இப்போது மழைக்கு ஓடவில்லை, சும்மா உலாவுகிறது.

குழிக்கு: சின்ன இடத்தை ரொப்பும்போது ஐசிங்கைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் முதலில் ஒரு நெளிகோடு போட்டு, அதன்மேல் ரொப்புங்கள், மேல் ஐசிங்குக்கு உட்கார ஒரு ஆதாரம் இருக்கும். உடனே விசிறிக்கு அடியில் வையுங்கள். மேல்தோல் சீக்கிரம் பிடித்தால் உள்ளே இறங்காது.

யாருக்காகப் போடுகிறீர்கள், அண்ணி?

நாத்தனார்


ஜூன் 27

ஊமைக்கோட்டான்,

மாட்டேன்னு எழுதுறதுக்கு ஒரு தம்ளர் தண்ணியா! சரி, இனிமே பக்கத்துல ஒரு குடம் வச்சுக்க. இன்னும் நெறைய தடவ வேண்டியிருக்கும்.

யாருக்குன்னு கேட்டேல்ல. எதிர் ஃப்ளாட்டுல ஒரு நர்ஸம்மா. அவங்க பொண்ணுக்குப் பொறந்தநாள். பேச்சுவாக்குல நான் பிஸ்கட்ல படம் போடுவேன்னு சொல்லித் தொலச்சேன். பூனை வேணும்னா அந்தப் பொண்ணு. பூனைதானே, கண்ணை மூடிட்டு வரைவேன். கோடு அப்படி வந்துச்சு, மீசை கூட முடி முடியா வந்துச்சு. ஆனா ரொப்பணுமே! தண்ணி கூடிப்போயி வரம்பைத் தாண்டி ஓடிச்சு, பூனைக்குத் தொப்பை போட்டிருச்சு. காஞ்சப்புறம் காதுல குழி, கன்னத்துல குழி. அந்தப் பொண்ணு பாத்துட்டு, "ஆன்ட்டி, பூனைக்கு அம்மை போட்டிருக்கா?" அப்படின்னா. நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாம உள்ள ஓடிட்டாங்க. உன் அண்ணன் வழக்கம்போல, நல்லாத்தானே இருக்குன்னார்.

நீ சொன்ன நெளிகோடு வேலை செய்யுது. காது ரெண்டும் தேறிடுச்சு. கன்னம் இன்னும் இல்ல.

உன் வருத்தம் நியாயம்தான். படிச்சுட்டு ரெண்டு நாள் முறுக்கிக்கிட்டு இருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு உனக்கு மட்டும் சொல்றேன், அத்தைகிட்ட படிச்சுக் காட்டாதே. அந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. ஆனா கிச்சன் அத்தையோடது, ஹால் மாமாவோடது, மாடி உன் அண்ணனோட புழுதி புடிச்ச பாலத்துப் படங்களோடது. முன்னறை ஒண்ணுலதான் நான் உள்ள வந்தா யாருக்கும் மருமக இல்ல. அங்க நான் இல்லாம வேலை நடக்கும்னா, அப்ப அங்க என்னோடதுன்னு என்ன இருந்துச்சு? மூடி வச்சா, நான் வந்து தொறக்குற வரைக்கும் என்னோடதா இருக்கும். இதுதான் கணக்கு. அசிங்கமான கணக்குதான்.

சரி, கோட்டுக்கு வா. ஐசிங் பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி இருக்கணும், அதுக்கு மேல தளர்ந்தா படுத்துக்கும். முனையை பிஸ்கட்ல உரசாதே. உன் கோடெல்லாம் உரசின கோடு. ஆரம்பத்துல ஒரு தொடு தொட்டு, அழுத்திக்கிட்டே மேல தூக்கு. நூல் மாதிரி தொங்கும், பயப்படாதே, அறுந்து போகாது. அந்த நூலைக் கொண்டுபோய் முடியுற எடத்துல படுக்க வை. அழுத்தத்தை நிறுத்திட்டுத் தொடு. கண்ணு முனையைப் பாக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய எடத்தைப் பாக்கணும். மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போடாதே, நீ மூச்சு விடுற எடமெல்லாம் கோட்டுல தெரியுது.

அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுப் பகுதியை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அதற்குப் பதில் எழுத எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. கிடைக்காத சொல்லைத் தேடி நிரப்புவதைவிட அந்த இடத்தை அப்படியே விடுகிறேன்.

நூலைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். தொங்குகிறது. ஐந்தில் இரண்டு கோடு நேராக வருகிறது. மூன்றாவது போடும்போது முதல் இரண்டு நன்றாக வந்துவிட்டதே என்ற நினைப்பில் கை நடுங்குகிறது. காய்ந்த வெள்ளைமேல் கறுப்பு விழுந்தால் அழிக்கவும் முடியாது. சுரண்டினால் சாம்பல் நிறத்தில் கறை. அப்பா மாலையில் வந்து ஒதுக்கிய பிஸ்கட்டுகளைத் தின்றபடி, "எவ்வளவு நாளைக்கும்மா இப்படி?" என்றார். நான் அடுத்த பிஸ்கட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு பிஸ்கட்டில் வெள்ளையை ஊற்றி ஊசியால் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கறுப்பும் தளர்வாக, ரொப்புகிற பதத்தில்தான் இருந்தது. தப்பாகத் தண்ணீர் கூடிவிட்டதால் கோட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தது. வெள்ளை தோல் பிடிப்பதற்கு முன்னால், அந்த ஈரத்திலேயே கறுப்பால் ஐந்து கோடு இழுத்தேன். கோடு மேலே நிற்கவில்லை, உள்ளே அமிழ்ந்தது. அமிழ்ந்ததும் வெள்ளை இரண்டு பக்கமும் வந்து அணைத்துக்கொண்டது. என் கையின் நடுக்கம் முழுவதையும் அது வாங்கிக்கொண்டுவிட்டது, அண்ணி. தொட்டுப் பார்த்தால் மேடு இல்லை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. கோடு அச்சடித்தது போல இல்லை, ஆனால் கோணலும் இல்லை. இன்னும் ஈரம் இருக்கும்போதே புள்ளிகளையும் விட்டேன். வட்டமாகப் போய் உட்கார்ந்தன.

வரம்பும் தேவைப்படவில்லை. வெள்ளையைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டால் பிஸ்கட்டின் ஓரத்தில் அதுவே நின்றுவிடுகிறது.

ஆக இந்த பிஸ்கட்டில் உங்கள் கோடு இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. நீங்கள் போன கடிதத்தில் எழுதியதைப் படித்த பிறகு இதை அனுப்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அனுப்பாமல் இருந்தால் மறுபடியும் வாசற்படியில் நின்று "ம்" சொன்ன மாதிரி ஆகும்.

ஒன்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். உடையாமல் வர வேண்டும்.

நாத்தனார்


ஜூலை 11

உடையாம வந்துச்சு. நல்லா இருக்கு. உன் அண்ணன் சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்.

கறுப்பை முந்தின நாளே கலந்து வச்சிடு. இருக்க இருக்கத்தான் நிறம் ஏறும், அதனால சாம்பலா இருக்கும்போதே நிறுத்து. இல்லன்னா தின்னவங்க பல்லெல்லாம் கறுப்பாயிடும், டாக்டருக்கு வேலை கூடிடும்.

வேற ஒண்ணும் எழுதத் தோணல.

அண்ணி


ஜூலை 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கோபமாக இருந்தால் நான்கு பக்கம் எழுதுவீர்கள். இந்த முறை வந்தது நான்கே வரி. ஆகவே இது கோபம் இல்லை என்று தெரிந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், பிறகு விருந்து முடியட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விருந்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து போட்டேன். கறுப்பை நீங்கள் சொன்னபடி சாம்பலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் மை மாதிரி ஏறியிருந்தது. ஒரு பிஸ்கட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. வெள்ளை, கோடு, புள்ளி, விசிறி. இடையில் யாரும் கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா கூப்பிடவில்லை. பெருக்க மட்டும் வந்தாள். விசிறிக்கு அடியில் இருக்கிற மேசைக்கு ஒரு கால் குட்டை, அதற்கு நாம் அட்டையை மடித்து வைத்திருக்கிறோம் அல்லவா? அம்மா அதைக் குப்பை என்று எடுத்துவிட்டாள்.

மேசை சாய்ந்தது கொஞ்சம்தான். எனக்குத் தெரியவே இல்லை. கோடுகள் மெல்லியவை, அதற்குள் பிடித்துக்கொண்டிருந்தன. புள்ளிகள் கனம், அடியில் ஈரம். ஒரு தட்டு முழுக்கப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து மெதுவாக ஒரு படி கீழே இறங்கியிருக்கின்றன. கோட்டின் மேல் இருந்தது கோடுகளின் இடையில், இடையில் இருந்தது அடுத்த கோட்டின் மேல். எல்லாம் ஒரே சீராக இறங்கியதால் பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இசை படிக்கத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று நினைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

அப்பாதான் பெட்டிகளைக் கொண்டுவந்தார். "ஆட்டோல ஆடும், நான் மடில வச்சுக்கிறேன்" என்று வழி முழுக்க மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, டாக்டர் தாளைப் பார்த்துப் பார்த்து வரிசையாக அடுக்கினார். வயலின் டீச்சர் வந்தார். குள்ளமான பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து முதல் வரியை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தார். இரண்டாம் வரியும் பாடினார். மூன்றாம் வரியில் நின்றுவிட்டார்.

"இது நான் சொல்லிக் குடுத்த பாட்டு இல்லையே. யாரு மாத்தினது?"

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், பேப்பர்ல சரியாத்தான் இருந்துச்சு மேடம்."

"அப்ப பிஸ்கட்ல தப்பு."

"ஆமா மேடம்."

"நீ சின்ன வயசுலயும் இப்படித்தான். தப்பை வேற யார் மேலயாவது போடுவ."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா என் பக்கத்தில் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெராக்ஸ் இயந்திரம் முன்னறையில் வந்து உட்காரும் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

டீச்சர் கையை நீட்டினார். "வயலினைக் குடு. எழுதியிருக்கிறதை அப்படியே வாசிச்சுப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் தின்னுடாதீங்க."

வாசித்தார். முதல் இரண்டு வரி எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். மூன்றாம் வரியில் முணுமுணுப்பு நின்றது. பாட்டு ஒரு படி இறங்கி, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது போல இருந்தது. நான்காம் வரியில் பழையபடி ஏறி வீடு வந்து சேர்ந்தது. வாசித்து முடித்து வில்லை எடுத்ததும் அவர் அந்த மூன்றாம் வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாட்டைக் கேட்டு எனக்குக் காது காய்ச்சுப் போயிருந்துச்சு. தப்புதான். ஆனா நல்ல தப்பு" என்றார். பிறகு, "யாரும்மா போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

உங்களைச் சொல்லவில்லை, அண்ணி. சொல்லக் கூடாது என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. தப்பும் நான் செய்தது, கோடும் நான் போட்டது. அந்த நேரத்தில் அதுதான் உண்மையாக வாயில் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களுக்கு இதை எப்படி எழுதுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். இப்படித்தான் எழுத வந்தது.

நேற்று ஜெராக்ஸ் கடைக்காரர் முன்பணத்தோடு வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தி, "அந்த ரூம்ல எப்பவும் ஏதாவது காஞ்சுக்கிட்டே இருக்கும்ங்க. உங்க மிஷினுக்கு அது ஒத்துவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேசைக்காலுக்கு மரத்தில் ஒரு துண்டு அறுத்து ஆணி அடித்திருக்கிறார். இப்போது மேசை அந்தப் பக்கம் சாய்கிறது.

நாத்தனார்


ஜூலை 29

அடியே கோட்டான்,

படிச்சு முடிச்சுட்டு முதல்ல சிரிச்சேன். மாமா மடியில பெட்டி! எனக்கு ஒரு தடவ ஆட்டோல வாந்தி வந்தப்பக்கூட அந்த மனுஷன் தள்ளித்தான் உக்காந்தார்.

அப்புறம் "நான்தான்" அப்படிங்கிற எடத்துக்குத் திரும்பிப் போயி மறுபடி படிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், வலிச்சுது. உன் பஞ்சு சுத்தின பிஸ்கட் வந்த அன்னிக்கே வலிச்சுது. அதான் நாலு வரி. என் கோடு இல்லாமலே ஒண்ணு அவ்வளவு அழகா இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. நீ அங்க ஈரத்துல கோடு இழுத்துக்கிட்டிருந்த அதே வாரம், நர்ஸம்மா வார்டுல யாருக்கோ வழியனுப்பு, பிஸ்கட் வேணும்னாங்க. பூனை அனுபவத்துக்கப்புறம் ரொப்புற வேலையே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். வெறும் பிஸ்கட் மேல கோடு மட்டும். இதழ் ஓரத்துக்கு ஒரு கோடு போட்டு, அது காயுறதுக்குள்ள ஈர பிரஷ்ஷால உள்பக்கமா இழுத்துவிட்டேன். ஓரத்துல கெட்டியா, உள்ள போகப் போக மெலிசா, துணியில பூவேலை பண்ணின மாதிரி வந்துச்சு. அடியில பிஸ்கட் நிறம் அப்படியே தெரியுது. எல்லாரும் கண்ணை விரிச்சுப் பாத்தாங்க. யாரு போட்டதுன்னு ஒரு பெரிய டாக்டரம்மா கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்? "எங்க நாத்தனாரும் நானும்"னா சொன்னேன்? நான்தான்னு சொன்னேன். உன் நெனப்பே வரல. இப்ப உன் கடிதத்தைப் படிச்சப்புறம்தான் வந்துச்சு.

சரிக்குச் சரி.

கன்னத்துல குழி விழாம ரொப்பக் கத்துக்கிட்டேன், அதுவும் சொல்லிடுறேன். கர்வமா இருக்கு.

உன் அண்ணனுக்குப் பாலம் இன்னும் ரெண்டு தூண் கூட எழும்பல. இப்போதைக்கு அங்க வந்து இருக்க முடியாது. செப்டம்பர் கடைசியில லீவு போட்டு ஒரு வாரம் வர்றோம். முன்னறையைத் தொறந்தே வை. நான் வந்து தொறக்க வேணாம்.

அண்ணி


அக்டோபர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அண்ணன் போன் பண்ணினான். அம்மா வழக்கம்போல் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள்.

நீங்கள் இங்கே இருந்த வாரம் முழுக்க மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து வேலை செய்தோம். நீங்கள் என் தட்டைத் தொடவில்லை, நானும் உங்கள் தட்டைத் தொடவில்லை. நடுவில் ஒரே ஈரத்துணி, ஒரே கிண்ணம். ஒரு தடவை நீங்கள் என் கோட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பேச்சை மாற்றி அண்ணனின் பாலத்தைத் திட்டினீர்கள். நான் கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

நீங்கள் ரயில் ஏறிய மறுநாள் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அடுத்த தெருவில் புதிதாக லேஸ், பட்டன், பூவேலைத் துணி விற்கிற கடை வைக்கிறார்களாம். அந்தக் கடைக்காரம்மா வந்தார். திறப்பு விழாவுக்கு பிஸ்கட் வேண்டும் என்றார். என் தட்டும், நீங்கள் விட்டுப்போன தட்டும் மேசையில் இருந்தன. என்னுடையதைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். உங்களுடையதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த இதழ்க் கோட்டின்மேல் விரல் படாமல் விரலை ஓட்டினார்.

"எனக்கு இதேதான் வேணும். இதை நீங்க போடுவீங்களா?"

அப்பா ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மா, "போடுவா, போடுவா" என்று ஆரம்பித்தாள்.

"இது எங்க அண்ணி போடுறது. எனக்கு வராது" என்று சொன்னேன். உங்கள் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வழியில் உடையாமல் இருக்க எப்படிக் கட்டி அனுப்புவீர்கள் என்று கேட்டார், பஞ்சு வைத்து அனுப்புவீர்கள் என்றேன். அந்தத் தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார்